கம்பளி அறைக்குக் கேட்காத மணி

1

"அப்போ என்னைத் தூக்கிட்டுப் போயிட்டார்னு நெனச்சே?"

"நெனச்சேன்."

"என்னை?"

"உன்னைத்தான்."

"உன்னை விட்டுட்டு?"

"பேசாம முனையப் பிடி."

"இல்ல அண்ணி, எனக்குப் புரியல. முழங்கால் தேயத் தேய ஜெபம் பண்றவ நீ. ஞாயித்துக்கிழமைன்னா குப்புறப் படுத்துத் தூங்குறவ நான். ஆள் மாத்தித் தூக்குற அளவுக்கு உன் ஆண்டவருக்குக் கண்ணு மங்கிப்போச்சா?"

"வாயக் கழுவு."

"லாண்டரிலதான நிக்கிறேன். கழுவிட்டாப் போச்சு."

இந்தக் கதை என் கைக்கு வந்தது இந்த அளவில்தான். (இதற்குப் பிறகும் கொஞ்சம் கேட்டேன். அதைக் கடைசியில் தருகிறேன். இப்போதே தந்துவிட்டால் நடுவில் எனக்கு வேலை இல்லாமல் போய்விடும்.)

ஒட்டுக்கேட்டதுதான், மறைக்கவில்லை. மருத்துவமனையின் பின்புற நடைவழியில் ஒரு பெஞ்சு. இடுப்பெலும்பு முறிந்த அப்பாவை உள்ளே கிடத்தியிருந்தார்கள். பார்வை நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தப் பெஞ்சில், மடியில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலோடு, பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சலவைக்கூடத்தின் ஜன்னல். அதன் வழியாக நீராவியும் சோப்பு வாசமும் இரண்டு பெண்களின் பேச்சும் வந்தபடி இருந்தன. நாவலில் ஆறு தலைமுறை இருந்தது. ஜன்னலில் இரண்டே பேர். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நான் பக்கம் புரட்டியது மற்றவர்கள் பார்வைக்காகத்தான்.

அந்த இருவரில் மூத்தவளைச் சலவைக்கூடத்தில் 'ஸ்தோத்திரம் அக்கா' என்பார்கள். குழாயில் வெந்நீர் வந்தாலும் ஸ்தோத்திரம் என்பாள். வராவிட்டாலும் அதே ஸ்தோத்திரம்தான், ராகம் மட்டும் மாறும். இளையவள் அவளுடைய கணவனின் தங்கை. அவளுக்குக் கஞ்சி என்று பட்டப்பெயர். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி எப்போதும் விறைப்பாக நிற்பாள் என்பதால். ஸ்தோத்திரம் அக்காவை அவள் அண்ணி என்று அழைப்பதால் நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

(அண்ணியை 'நீ' என்று பேசலாமா என்று யாராவது கேட்கக்கூடும். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். 'நீங்க' முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது.)

அண்ணன் இறந்து ஆறு வருடம். அதிலிருந்து இருவரும் ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே விரிப்பின் இரண்டு பக்கம்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன்.

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது. சலவைக்கூடத்தின் புகைபோக்கி

[கைவிடப்பட்டது. பனியை நான் பார்த்ததே இல்லை. அது மடியிலிருந்த நாவலிலிருந்து கதைக்குள் சொட்டியது.]

இரண்டாம் தொடக்கம்: உலகம் முடியப்போவதாகச் சொல்லப்பட்ட நாளன்று அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

[கைவிடப்பட்டது. அப்படி ஒரு நாளை யாரும் சொல்லவில்லை. தேதி சொல்கிறவன் பொய்யன் என்று அவளுடைய பாஸ்டரே சொல்வார். தவிர, துவைப்பது எந்திரம்.]

மூன்றாம் தொடக்கம்: இருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் மறைந்துபோனால், அவள் கையிலிருந்த துணி முதலில் தரையில் விழும்.

இது பரவாயில்லை என்று தோன்றியது. மற்ற இரண்டையும் அழிக்கப் போனபோதுதான் நான் ஓரத்தில் கிறுக்கியிருந்த சொல்லைக் கவனித்தேன். கைவிடப்பட்டது. பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அது அண்ணியின் சொல். அவள் படிக்கிற வேதத்தில் கடைசி நாளைப் பற்றி அப்படித்தான் இருக்கிறது: சேர்ந்து வேலை செய்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், மற்றவள் கைவிடப்படுவாள். எந்தச் சொல்லை நினைத்து அவள் சலவைக்கூடத்துக் கம்பளி அறையில் மண்டியிடுகிறாளோ அந்தச் சொல்லை நான் ஒரு வாக்கியத்தின் தலையில் இவ்வளவு லேசாக எழுதிவிட்டேன்.

அதனால் அழிக்கவில்லை. இந்தக் கதையில் விழுந்த வரிகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். காலில் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

நீள விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரே நேரத்தில் ஒரு உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. பிறகு ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்து, பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். நாலாவது முறை முடியும்போது ஒருத்தியின் மார்பில் சதுரமாக ஒரு துணி இருக்கும். மற்றவள் கை காலியாக இருக்கும்.

நடந்து வந்து விடுகிறவள் எப்போதும் கஞ்சி. நின்ற இடத்தில் வாங்குகிறவள் அண்ணி. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எதற்கும் வளையாத கஞ்சி வளைவது இந்த ஒன்றுக்குத்தான்.

அண்ணியின் நம்பிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒருநாள் எக்காளம் தொனிக்கும். விசுவாசத்தில் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். பிறகு உயிரோடிருக்கிற விசுவாசிகள், அதாவது சபை, கண்ணிமைக்கும் நேரத்தில் மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அதற்கப்புறம் பூமியில் மீந்திருப்பவர்களுக்கு ஏழு வருடம் உபத்திரவம்.

இதையெல்லாம் பாஸ்டரின் மருமகன் ஒரு பெரிய துணியில் படமாக வரைந்திருக்கிறார். துணி, மருத்துவமனை கழித்துப்போட்ட பழைய விரிப்பு. அண்ணிதான் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். இடது பக்கம் வெள்ளை உடுப்பில் மேலே போகிறவர்கள். வலது பக்கம் குதிரைகள், கோப்பைகள், ஏழு தலை மிருகம். மாதம் ஒருமுறை அதைத் தேய்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதையும் இருவரும் சேர்ந்துதான் மடிப்பார்கள். மடிப்பு சரியாக இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விழும்.

"பாத்து மடி அண்ணி," என்பாள் கஞ்சி. "ஒரு விரக்கடை தள்ளிப் போச்சுன்னா உங்க சபையில பாதிப் பேர் மிருகத்துக்கிட்ட மாட்டிப்பாங்க."

அடுத்த தெருவில் இன்னொரு சபை இருக்கிறது. அங்கே வேறு மாதிரி சொல்கிறார்கள்: சபை முதலில் உபத்திரவத்தைக் கடந்து போக வேண்டும், வருகை அதற்குப் பிறகுதான் என்று. கஞ்சி அந்தச் சபைக்குள் காலடி வைத்ததில்லை. ஆனாலும் அவள் அந்தக் கட்சி.

"வேல நெறைய வர்ற நாளாப் பாத்து லீவு போடுறாளே ஒருத்தி, அவ மாதிரில்ல இருக்கு உங்க கத. ஊரே அடிபடும்போது நீங்க மட்டும் மேல உக்காந்து வேடிக்க பாப்பீங்களா?"

"சபைங்கறது மணவாட்டி. பொண்டாட்டி அடி வாங்குறத எந்தப் புருஷன் பாத்துட்டிருப்பான்?"

"கல்யாணம் ஆனவங்களக் கேட்டுப் பாரு."

வருடத்துக்கு ஒருமுறை, அண்ணன் இறந்த நாளன்று, அண்ணி அவளிடம் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். தண்ணியில முங்குறதுன்னா இங்க தெனமும் முங்குறேனே என்பாள் கஞ்சி. அதோடு அந்த வருடத்துப் பேச்சு முடியும்.

இனி அண்ணி யாரிடமும் சொல்லாத ஒன்று. (சொல்லாதது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இருக்கிற ஒரே சலுகை இது.) அவள் சபையில் ஜெபத்தை 'சீக்கிரம் வாரும்' என்று முடிப்பது வழக்கம். கண்ணை மூடினால் அண்ணன் முகம் தெரியும். எக்காளம் தொனித்தால் முதலில் எழுகிறவர்களில் அவனும் ஒருவன். அந்த ஆசையில் இத்தனை காலம் அவள் அதை உரக்கச் சொன்னாள். ஆனால் சில வருடமாக அந்த வார்த்தைகளுக்குப் பின்னால், உதடு அசையாமல், இன்னொரு சொல்லையும் ஒட்டுகிறாள்.

சீக்கிரம் வாரும். ஆனா இன்னைக்கு வேணாம்.

4

கஞ்சி மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு பாத்திரமாக அவள் சரியாக நிற்கிறாளா? ஏன் நம்பவில்லை என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்களே என்று பயந்து அவளுக்கு ஒரு காரணம் தயாரித்தேன்.

இளம் வயதில் அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. அது மூன்றாம் நாள்

[கைவிடப்பட்டது. இல்லாத குழந்தையைப் பெற்று, கொன்று, அதை ஒரு காரணமாக்க எனக்கு என்ன உரிமை? மூன்றாம் நாள் வரை எழுதிவிட்ட பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.]

கஞ்சிக்குக் காரணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மண்டியிட்டால் முட்டி வலிக்கும் என்பதே காரணமாக இருக்கலாம். அல்லது, அண்ணன் இறந்த வருடம் அண்ணி அவளிடம், "கவலப்படாதே, மரிச்சவங்கதான் முதல்ல எழும்புவாங்க, அவர் முதல்ல எழும்புவார்," என்று தேற்றியபோது அவள் சொன்ன பதிலிலேயே எல்லாம் இருக்கலாம்.

"அவனா? உயிரோட இருந்தப்பவே விடியற நேரத்துல எழும்ப மாட்டான். நாலு தடவ உலுக்கணும். அங்க யார் உலுக்குறது?"

அன்று இருவரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். முதல் பிரதியில் அழுதார்கள் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான், சத்தம் மட்டும் வேறு.

5

நான் பெஞ்சுக்கு வந்த ஒன்பதாம் நாள், காலை பத்தே முக்கால். தேநீர் வேளை.

சலவைக்கூடத்தின் கோடியில் கம்பளிகளை அடுக்கி வைக்கும் அறை இருக்கிறது. மூன்று சுவரிலும் கூரை வரை கம்பளி, தடித்த கதவு. தேநீர் வேளையில் அண்ணி அங்கே போய்ப் பத்து நிமிடம் ஜெபிப்பாள். அங்கே ஆண்டவர் பேசுவது தெளிவாகக் கேட்கும் என்பாள். வேறு எதுவும் கேட்காது.

அன்று தீ ஒத்திகை. பின்கட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். இரண்டு நிமிடம் மணி அடித்தது. எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக முற்றத்துக்கு ஓடினார்கள். நாவலில் விரலைச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். ஆகவே உள்ளே நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. மறுநாள் ஜன்னலில் கேட்டதையும் என் கற்பனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் தெரியட்டும்.

அண்ணி கதவைத் திறந்து வெளியே வந்தாள். மணி நின்றிருந்தது. மூன்றாம் எந்திரம் தன்பாட்டில் சுழன்றது; அதன் வட்டக் கண்ணாடிக்குள் பச்சைத் துணி ஒன்று வந்து வந்து போயிற்று. மேசையில் நாலு தேநீர், ஒன்றிலிருந்து இன்னும் ஆவி. ஆள் இல்லை.

தரையில் சீருடைகள். நீலம் ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியல். குவியலுக்கு வெளியே விழுந்த சட்டைகள் கைகளை விரித்தபடி, கால்சட்டைகள் ஓடுகிற வாக்கில். ஒவ்வொரு நாளும் பார்க்கிற அழுக்குத் துணிதான். ஆனால் அன்று அவள் கண்ணில் பட்டது உள்ளே ஆள் இல்லாத உடுப்புகள்.

மடிக்கும் மேசையில் கஞ்சியின் மூக்குக்கண்ணாடி. மேசைக்குக் கீழே அவள் செருப்பு. செருப்பின் மேல் அவளுடைய ஏப்ரன், நின்ற இடத்திலேயே உடம்பு மட்டும் உருவி எடுக்கப்பட்ட மாதிரி. பக்கத்தில் பாதி மடித்த விரிப்பு தரையில் கிடந்தது.

(பிற்பாடு கஞ்சி சொன்ன விளக்கம்: ஆவியில் கண்ணாடி மங்கும், அதனால் கழற்றி வைத்தாள். கால் வீக்கம், அதனால் செருப்பு இல்லை. ஓடும்போது ஏப்ரன் கயிறு அறுந்தது. எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. அண்ணியிடம் அப்போது இல்லை.)

எக்காளம் தொனித்துவிட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். கம்பளி அறைக்குள் எனக்குத்தான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் பேனா நின்றது. அவள் மனதில் என்ன ஓடியது?

அவள் அலறினாள். [கைவிடப்பட்டது. அண்ணன் மூச்சு நின்றபோது முதலில் அடுப்பை அணைத்தவள் அவள். அலறுகிற ஆள் இல்லை.]

தன் பாவங்களைத் தேடினாள். போன மாதம் உபவாச ஜெபத்துக்குப் போவதற்காகச் சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஜெபத்துக்காகச் சொன்ன பொய் எந்தப் பக்கத்தில் சேரும் என்று [பாதி கைவிடப்பட்டது. உண்மையாக இருக்கலாம், ஆனால் இது இரண்டாவதாக வந்த எண்ணம்.]

முதலில் வந்தது பொறாமை. இந்நேரம் கஞ்சி அண்ணனைப் பார்த்திருப்பாள். உலுக்கக்கூட வேண்டியிருந்திருக்காது. அவன் இவளைப் பார்த்துவிட்டு, இவளுக்குப் பின்னால் பார்ப்பான். அவ எங்க என்பான். கஞ்சிக்குப் பொய் சொல்ல வராது.

'கம்பளி ரூம்ல இருக்கா. மணி கேக்கல.'

இதை நான் கைவிடவில்லை. சரிதானா என்று தெரியாது. ஆனால் இதை எழுதிவிட்டு, அப்பாவின் வார்டு வரை நடந்து போய், அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு அண்ணி செய்ததற்குக் கஞ்சியே சாட்சி. ஒத்திகை முடிந்து அவள் வெறுங்காலோடு உள்ளே வந்தபோது, துடைத்த மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்து ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. அண்ணி அந்தப் பாதி விரிப்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து, தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மறுபக்கம் தரையில் இழுபட்டது.

கஞ்சியைப் பார்த்ததும் வாயிலிருந்த துணி விழுந்தது. அவள் சொன்னது ஒரே சொல்.

"வந்துட்டியா."

அந்தச் சொல்லில் நிம்மதி எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு? வேறு வேறு குரலில் சொல்லிப் பார்த்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

6

முடிவுகள்.

எக்காளம் உண்மையிலேயே தொனிக்கிறது. மேசைமேல் இரண்டு மூக்குக்கண்ணாடி, கீழே இரண்டு ஜோடிச் செருப்பு. [கைவிடப்பட்டது. இதற்குக் கஞ்சி முதலில் மண்டியிட்டாக வேண்டும். என் வசதிக்காக அவள் முட்டியை நான் மடக்க மாட்டேன்.]

அண்ணி சபைக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். [கைவிடப்பட்டது. நான் வாசிக்கிற நாவல்களில் நம்பிக்கை இழப்பதுதான் அழகு. அண்ணி அந்த நாவல்களை வாசித்ததில்லை. மறு ஞாயிறும் போயிருப்பாள், படத்துணியைத் தேய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு.]

ஒன்றும் நடப்பதில்லை. இருவரும் ஒரே வீட்டில் கிழவிகளாகிறார்கள். யார் முதலில் போனாலும் மற்றவள் [இது முடிவே இல்லை. இது நாட்கள்.]

யாரை எடுத்துக்கொள்வது, யாரை விடுவது என்கிற அதிகாரம் ஒரு மதியம் முழுக்க என் கையில் இருந்தது. கை வியர்த்ததுதான் மிச்சம். சபைக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று இரண்டு தெருவிலும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் தெரியாது. எனக்குத் தெரிந்த சபை, ஒரு விரிப்பும் அதன் இரு பக்கமும் நிற்கிற இரண்டு பெண்களும்தான். ஒன்று மட்டும் பதினொரு நாளில் பார்த்தேன். முனையைக் கைவிடுகிறவள்தான் ஒவ்வொரு முறையும் கிட்டே நடந்து வருகிறாள்.

முன்பு நிறுத்திவைத்த பேச்சின் மீதியைத் தருகிறேன். இதற்கு என்ன பதில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சரியாக அந்த நேரம் மூன்றாம் எந்திரம் சுழல ஆரம்பித்தது. வார்டில் அப்பாவின் ஆட்கள் யார் என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பதில் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

"சரி, அத விடு. நான் போயிட்டேன்னு தெரிஞ்சதும் உனக்கு என்ன தோணுச்சு?"

"ஒண்ணும் தோணல."

"அண்ணி."

"செருப்பில்லாமப் போயிட்டாளேன்னு தோணுச்சு."

"அங்க எதுக்குச் செருப்பு?"

"தெரியல. உனக்குக் கால் வீங்குமே."

விரிப்பை உதறும் சத்தம் ஒன்று. பிறகு நடந்து வரும் சத்தம், வெறுங்கால். முனைகள் கைமாறியிருக்கும். குனிகிற சத்தம் கேட்கவில்லை. கஞ்சி அங்கேயே, அண்ணிக்கு முன்னால், கையை எடுக்காமல் நின்றிருக்க வேண்டும். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"உன் ஆண்டவர்ட்ட எனக்காக ஒண்ணு கேளேன் அண்ணி. ரெண்டு பேரையும் எடுக்க முடியாதுன்னா, ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போகச் சொல்லேன். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். கேக்குறியா?"